சங்குப்பூ போதும் என்றாள் அம்மா

போன மாதம் வீட்டு வேலிக்குக் கொடி வாங்கத் தஞ்சாவூரில் ஒரு நர்சரிக்குப் போனேன். "ரங்கூன் மல்லி வைங்கம்மா, ஆறே மாசத்துல வேலியே தெரியாது" என்றார் கடைக்காரர். அது மட்டும் வேண்டாம், மெதுவாக வளர்கிற சோனிக் கொடியாக ஒன்று கொடுங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எனக்கு ஒன்பது வயதாகும்போது, மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் ஊரில், அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கொல்லையின் நடுவே கல் ஊன்றிக் கம்பி கட்டியாயிற்று. மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போதுகூட இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் தினமும் சாயங்காலம் கம்பியருகே நின்று பேசுவார்கள். மீன் குழம்புக் கிண்ணம் இந்தப் பக்கம் வரும், முறுக்கு அந்தப் பக்கம் போகும்.

கம்பி கண்ணை உறுத்துகிறது என்று அம்மா சங்குப்பூ விதை ஊன்றினாள்.

"இன்னும் கொஞ்சம் அடர்த்தியா எதாவது வெக்கலாமே" என்றார் அப்பா.

"இது போதுங்க."

எனக்கோ மானக்கேடாக இருந்தது. நாலு இலை, ஒரு பூ. பங்குச் சாமியார் பங்களாவில் ரங்கூன் மல்லி மாடிவரை ஏறி, மாலையில் வெள்ளையாகப் பூத்து, மறுநாள் சிவந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும். அம்மாவுக்கு ரசனை போதாது என்று முடிவு கட்டினேன். பெரியம்மாவின் முகம் மறையக் கூடாது என்றுதான் அவள் சோனிக் கொடியாகப் பார்த்து எடுத்தாள் என்பது விளங்கப் பல வருஷம் ஆயிற்று.

ஏழாம் மாதத்தில் அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். மறுநாளே பங்களாக் கொடியின் பக்கக்கன்று ஒன்றைப் பிடுங்கி, டிபன் பாக்ஸில் கொண்டுவந்து நட்டேன். மழைக்காலம் அதற்குக் கொண்டாட்டமாகப் போயிற்று. சங்குப்பூவை அமுக்கிவிட்டுக் கம்பி முழுக்கப் படர்ந்தது. அப்பா பார்த்துவிட்டுப் போனார்.

ஒருநாள் இலைகளுக்கு அப்பாலிருந்து பெரியம்மா கேட்டாள். "யாரு பாப்பா இத வெக்கச் சொன்னா?"

திருடியது தெரிந்தால் அடி விழும், கொடியும் போய்விடும்.

"அம்மாதான் பெரியம்மா."

"அப்படியா" என்றாள்.

பாகம் பிரிந்த பிறகு பங்காளி வீட்டுப் பக்கம் முகம் தெரியாமல் வேலி அடைத்தால், இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று பொருள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். எனக்குத்தான் தெரியாது.

தை மாதக் கடைசியில் அம்மா தம்பியோடு வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் பிள்ளையைக் காட்டக் கொல்லைக்கு ஓடினாள். கொடியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"யாருடி வெச்சது?"

"தானா வந்துச்சும்மா."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பின்னாளில் பெரியம்மா செத்தும் போய்விட்டாள். அவள் ஏன் பேச்சை நிறுத்தினாள் என்று அம்மாவுக்கு இன்றும் தெரியாது. சொல்ல வாயெடுப்பேன், எனக்குத் தைரியம் வருவதில்லை.

அன்று அம்மா அரிவாளால் முகம் தெரிகிற அளவுக்குக் கொடியை அறுத்தாள். தம்பியைத் தூக்கிப் பிடித்து, "அக்கா, இங்க பாருங்க, உங்க புள்ள வந்திருக்கான்" என்றாள். துவைகல்லில் நின்ற பெரியம்மா தலை நிமிராமல் துணியைப் பிழிந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அம்மா தம்பியை இறக்காமல் அங்கேயே நின்றாள்.

பெரியம்மாவுக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மாவுக்கு உதவியாக, அந்த இடைவெளியில் முகத்தை நுழைத்து, தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

"பெரியம்மா, அம்மா வந்துட்டாங்க!"