இரு கரை இஷ்காஷிம்

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். காய்ச்சலும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. பெண் பிறந்திருக்கிறாள். ஆனால் பிறந்த கதையைவிடக் கரையேறிய கதைதான் பெரிது.

ரங்கூனுக்கு எதிர்க்கரையில், டலாவில் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். நாள் இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கை. போன இடத்தில் வலி கண்டுவிட்டது. அங்கே டாக்டர் ஏது? கொட்டும் மழையில் சம்பான் படகில் ஏற்றி ரங்கூன் கரைக்குக் கொண்டுவந்தேன். கடல் ஓதம் இறங்கி ஆற்றில் நீர் வடிந்திருந்த நேரம். படகிலிருந்து ஜெட்டி மேடைக்கு ஏற ஒரே பலகை — செங்குத்தாக, சேறு அப்பி.

நடுப்பலகையில் அவள் நின்றுவிட்டாள். கீழே ஆறு.

நம் ஜனங்கள் ஆரம்பித்தார்கள்.

"இடது கால முன்னால வை தாயி."

"வேணாம், அப்படியே உக்காந்துரு."

"புருசன்காரன் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறான்?"

நானும் பின்னாலிருந்து கத்தினேன். அவள் கால் வழுக்கியது...

அரிசிக் கிடங்கு வாசலிலிருந்து காவல்காரர் இறங்கி வந்தார். நாம் எல்லோரும் 'காபூலி' என்று கூப்பிடும் ஆள். "எல்லாம் வாய் மூடு" என்றார். துறைமுகத்தில் கற்ற தமிழ். மூடினோம். அந்த உடம்பைப் பார்த்தால் யார்தான் மூடமாட்டார்கள்?

பலகையில் ஏறி, அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்புத் துணியின் முனையைப் பின்னால் நீட்டினார்.

"தங்கச்சி, ஆறு பாக்காதே. என் குதிகால் பாரு. நான் எடுத்த இடத்துல நீ வை."

கரையேறினாள். மாலையில் ஆஸ்பத்திரியில் குழந்தை.

நேற்று இனிப்போடு அவரைத் தேடிப் போனேன். பெயர் நஸர். காபூலியே இல்லை.

"ஊரு இஷ்காஷிம். பஞ்ச் ஆத்துல இந்தக் கரையும் இஷ்காஷிம், அந்தக் கரையும் இஷ்காஷிம்."

பாமிர் மலைக்குள் ஆற்றோரமாக ஒரு கீற்று நிலமாம். பாறை இடுக்கில் குச்சிகளைச் செருகி மேலே கல்லைப் பரப்பினால் அதுதான் பாதை. வெள்ளைக்காரரும் ருஷ்யரும் எங்கோ உட்கார்ந்துகொண்டு ஆறுதான் எல்லை என்று முடிவு செய்தார்கள். அக்கரை காபூல் அமீருக்கு. நஸர் இருந்த இக்கரை முதலில் புகாரா அமீருக்கு, பிறகு ருஷ்யருக்கு, இப்போது ஏதோ புது சர்க்காருக்கு. ஜில்லா கச்சேரி தூரத்தில் ஹோரோக் என்ற ஊரில். பனியில் கணவாய் மூடிவிட்டால், மேலே யார் ஆளுகிறார்கள் என்ற சேதிகூட வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோடு போட்டவன் எவனாவது அந்தக் குச்சிப் பாதையில் நடந்திருப்பானா?

நஸரின் அக்காவைக் கட்டிக்கொடுத்தது அக்கரையில். ஆற்றோரம் எல்லைக் காவல் போட்ட பிறகு போகவர முடியாது. ஆறு குறுகும் இடத்தில் நின்று கூவித்தான் பேச்சு.

"அப்ப மத்தவங்க என்ன செய்வாங்க?"

"வாய் மூடுவாங்க. ஆறு சத்தம் பெருசு. ஒருத்தன் அக்காகிட்ட பேசினா ஊரே பேசாது. கழுதை கத்தினா அதுக்கும் அடி."

"கடைசியா அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"போறேன்னு சொன்னேன். அவ என்னமோ சொன்னா. அன்னிக்குக் காத்து. கேக்கல."

நன்றி சொல்லப் போனவன் நான். அதைச் சொல்லாமலே இனிப்பை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்: நன்றி, நஸர். ஒருத்தர் பேச ஊரே வாயை மூடிப் பழகிய உங்கள் ஜனங்களுக்கும் நன்றி. இனி உங்களைக் காபூலி என்று எவனாவது கூப்பிட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

அந்தப் பழக்கம் இப்போது என் வீட்டுக்கும் வந்துவிட்டது. பிள்ளை அழுதால் ஆளுக்கொரு யோசனை கிடையாது. மனைவி ஒருத்திதான் பேசுகிறாள். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இந்தப் பத்தியில்தான் மூட முடியவில்லை.