பாதி போல்ட் உள்ளே, பாதி கையிலே

"…அப்போ ரோட்ட அடைச்சிகினு கீறது நானாயா? தலைய தூக்கி அந்தாண்ட பாரு, உன் கண்ணு இன்னா ஜோபுலயா கீது?"

கஸ்தூரி அக்கா இதைக் கேட்டது ஒரு சூப்பர்வைசரைப் பார்த்து. பல வருஷம் ஆச்சு, எர்ணாவூர் பக்கம், கடலோர ரோட்டில். எனக்கு அது ஞாபகம் வந்தது போன வாரம், ஏசி போட்ட ஒரு சர்வீஸ் சென்டரில். என் பழைய காரின் எஞ்சினில் ஒரு போல்ட் முறிந்துவிட்டது. முறித்தது அவர்கள் ஆள்தான். ஆனால் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி, "இந்த போல்ட்டை எடுக்கற வேலையே சிஸ்டத்துல இல்ல சார். எஞ்சினை மாத்தச் சொல்லித்தான் காட்டுது" என்றார். கழற்றிய மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறேன் என்றேன். கஸ்டமர் உள்ளே போகக் கூடாதாம். கத்தினேன். தம்பி கோபித்துக்கொள்ளவே இல்லை, "காபி சொல்லட்டுமா சார்?" என்றார். நீங்களே சொல்லுங்க, சண்டைக்கு வந்தவனுக்குக் காபி கொடுப்பதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

அந்த நேரம் பார்த்து உள்கதவு திறந்தது. டீசலும் துருவும் கலந்த வாடை. அதோடு கொஞ்சம் சாம்பார் வாசனையும் சேர்ந்திருந்தால் நான் அங்கேயே இளைஞனாகியிருப்பேன்.

அப்போது நான் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருந்தேன். வேலை என்றால் பெரிய வேலை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளிடம் பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுப்பது, "எப்போ நகரும்?" என்று கேட்டால் "தோ, இப்போ" என்று பொய் சொல்வது. வரிசை எண்ணூர் வரைக்கும் நிற்கும். நாள்கணக்கில் நிற்கும். ஒரு குழாய் கிடையாது, ஒரு கக்கூஸ் கிடையாது. மனுஷன் லாரிக்கு அடியில் படுத்து, கருவேலம் புதரில் ஒதுங்கி, மணலிப் பக்கத்து ஆலை நாற்றத்தை மூச்சாக இழுத்துக்கொண்டு கிடப்பான். ஊர்க்காரர்கள் என்னவோ 'லாரிக்காரங்க தொல்லை' என்பார்கள். தொல்லை கொடுத்தது யார், அனுபவித்தது யார் என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அந்த வரிசைக்குச் சோறு போட்டது கஸ்தூரி அக்கா. தண்டையார்பேட்டை. பல கை மாறி வந்த ஒரு பழைய கார், பின் சீட்டைப் பிடுங்கிவிட்டு இட்லி, டீ, சாம்பார் எல்லாம் அதற்குள்தான். அந்தக் காரை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. வாய் மட்டும் காருக்குள் அடங்காது. "சட்னி தண்ணியா கீதே" என்று ஒருத்தன் சொன்னால், "குளிச்சி நாலு நாளாச்சில்ல, ஊத்திக்கோ" என்பாள்.

ஒரு நாள் காலையில் கார் வரும்போதே பெல்ட் கீச்சிட்டது. சாப்பிட்டு முடித்த நாமக்கல் டிரைவர் ஒருத்தர், நன்றிக்கடனாக டைனமோ போல்ட்டை ஒரு இழுப்பு இறுக்கினார். லாரி போல்ட் முடுக்கிப் பழகிய கை. எண்ணூர் உப்புக்காற்று தின்ற போல்ட். மடக்!

"அக்கா… வந்துருச்சுங்கக்கா."

"இன்னாடா வந்துச்சி, கொயந்தையா?"

போல்ட்டின் தலை அவர் கையில் இருந்தது. உடம்பு எஞ்சினுக்குள்ளே. பெல்ட் ஓடாவிட்டால் எஞ்சின் கொதித்துவிடும், கார் நகராது.

பாவம், அவரே டீசலை ஊற்றி ஊறவைத்துத் துருவைச் சுரண்டினார். அதற்குள் வரிசை நகர்ந்தது. போகாவிட்டால் இடம் போய்விடும். ஓடினார். அவர் லாரி போன இடத்துக்கு அடுத்த லாரி வந்து நின்றது, நெல்லூர்க்காரர். இறங்கியதும், "எவர்யா இதுல கை வெச்சது?" என்று முன்னால் போனவரைத் திட்டிவிட்டு, வெளியே துருத்திக்கொண்டிருந்த முனையில் ரம்பத் துண்டால் ஒரு பள்ளம் அறுத்தார். வரிசை நகர்ந்தது. அடுத்தவர் தூத்துக்குடி. அவர் நெல்லூர்க்காரரைத் திட்டினார். இப்படி ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர், திட்டிக்கொண்டே. ஆபீஸ் பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்னால் போன லாரியைத் துரத்தி "எவ்ளோ ஆழம் அறுத்தே?" என்று கேட்டு வருவது என் பங்கு. வாழ்க்கையில் நான் கொண்டுபோன உருப்படியான தகவல் அது ஒன்றுதான்.

தூத்துக்குடிக்காரர் உளியை அந்தப் பள்ளத்தில் சாய்த்து வைத்துத் தட்டித் தட்டித் திருப்பினார். "எக்கா, அசையுது!" துண்டு வெளியே வந்து விழுந்தது. தன் பெட்டியிலிருந்து ஒரு போல்ட் எடுத்தார். நீளம் அதிகம். வாஷர்களை அடுக்கிச் சரிக்கட்டி, கையால் சுற்றி ஏற்றிவிட்டார். இனி ஸ்பேனரால் முடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் ரோட்டுச் சூப்பர்வைசர் பைக்கில் வந்தார், பின்னாலேயே கிரேன்.

"இந்த டப்பாதான் ரோட்டை அடைச்சிகினு நிக்குது. தூக்கு!" தூத்துக்குடிக்காரரிடம், "முன்னாடி நகந்துடுச்சி பாரு, வண்டிய எடு. எடுக்கலன்னா கடைசிக்குப் போ."

கிரேன் தூக்கிப்போன வண்டி யார்டில் மக்குமே தவிர திரும்பாது. அக்காவின் பிழைப்பே அந்த ஒரு முடுக்கில் நின்றது. டிரைவர் ஸ்பேனரைப் பார்த்தார், தன் லாரியைப் பார்த்தார். மைல் கணக்கில் லாரிகள் அடைத்து நிற்கிற ரோட்டில், ஓரமாக ஒதுங்கி நின்ற ஒரு பெண்பிள்ளையின் கார்தான் இடைஞ்சலாம்!

அந்த நீள வரிசை இன்றைக்கு இல்லை. ஒழிந்தது நல்லது, அதற்காக நான் அழமாட்டேன். ஆனால் அதோடு சேர்ந்து வேறொன்றும் போய்விட்டது. இப்போது ஓரமாக வண்டி நின்றால் கேமரா படம் எடுக்கிறது, போனில் அபராதம் வருகிறது. போல்ட் முறிந்தால் சிஸ்டம் காட்டுகிறது. நியாயம் கேட்க எதிரில் ஒரு மூஞ்சி இல்லை. யாரைப் பார்த்துக் கத்துவது, காபியைப் பார்த்தா?

அன்றைக்கு ஒரு மூஞ்சி எதிரில் நின்றது. அதைப் பார்த்துத்தான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவர் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை, "நகரு, நகரு" என்று கையை மட்டும் ஆட்டினார். அக்கா சாம்பார் குண்டானை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், தூத்துக்குடி லாரிக்கு முன்னால், நட்டநடு ரோட்டில் இறக்கினாள்.

"இப்போதான்யா அடைச்சிகினு கீறேன்." டிரைவர் பக்கம் திரும்பி, "நீ முடுக்கு நைனா, அவசரமில்ல."

பின்னால் இருந்த லாரிகள் ஹாரன் அடித்தன. அக்கா குண்டானுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர்களையெல்லாம் கையசைத்துக் கூப்பிட்டு, அங்கேயே இட்லித் தட்டுப் போட ஆரம்பித்தாள்.