கழுதைக்குக் குரல் கொடுத்த வின்சன்ட்

செவ்வாய்க்கிழமை காலை வாவிக்கரையில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இளைய மகள் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தாள். நல்ல செய்தி என்றால் அவள் வீட்டு வாசலில் நின்றே கத்துவாள். வின்சன்ட் விடியலில் போய்விட்டாராம்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுபது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்தவன் நான். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விடுகிறது. எழுதி முடித்த பக்கத்தைப் பார்த்தால் சந்தோஷம் வருகிறது. நண்பன் செத்ததை எழுதும்போது சந்தோஷப்படலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். அவரிடம் கேட்டிருந்தால் தாராளமாகச் சந்தோஷப்படச் சொல்லியிருப்பார்.

கடல் ஊருக்குள் வந்த மார்கழிக்குப் பிறகு நாங்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தோம். எங்கள் மூத்த மகளைக் கடல் எடுத்திருந்தது. என் மனைவி பூரணம் அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் பிசைவாள், பாதியில் வைத்துவிடுவாள். வின்சன்ட் பக்கத்துப் பாயில் இருந்தார். பட்டணத்துப் பறங்கி ஆள், போர்த்துக்கேயர் வழிவந்தவர், டிவி திருத்துகிறவர். மனைவியும் போய், கடையும் போய், திருகாணி முடுக்கிகள் போட்ட ஒரு பையோடு வந்திருந்தார். அவரும் போனவற்றைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் பேச்சை நிறுத்தவுமில்லை.

மூன்றாவது கிழமை வாவிச் சேற்றுக்குள் கிடந்த ஒரு டிவியைத் தூக்கி வந்தார். கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்தார். நான்காம் நாள் படம் வந்தது. சத்தம் வரவில்லை. பெட்டியின் பின்னாலிருந்து ஒரு வயரை இழுத்து, அதன் நுனியிலிருந்த சின்னக் குமிழைத் தன் காதுக்குள் வைத்துக்கொண்டார்.

“சத்தம் இதுக்குள்ள மட்டும்தான் வருது மச்சான். நான் கேட்டுச் சொல்லுறன், நீங்க பாருங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கொழும்பிலிருந்து ஓர் இங்கிலீசுக் கார்ட்டூன் போகும். பெரியவர்களுக்கான கார்ட்டூன், நையாண்டிக் கதை. ஒரு மிருகப் பட்டணம். கொழுத்த பூனை மேயர். கழுத்துப்பட்டி கட்டிய கழுதை ஒன்று செய்தி வாசிக்கும். கழுதை வாயைத் திறந்தால் வின்சன்ட் தமிழில் சொல்லுவார். அந்தப் பட்டணத்திலும் வெள்ளம் வந்திருந்ததாம். அங்கேயும் ஒரு கூரைத்தகரத்துக்கு மூன்று கையெழுத்து வேண்டுமாம். போர்வை கேட்டவர்களுக்குக் குளிர்காலத்துச் சப்பாத்து வந்ததாம், அதுவும் இடதுகால் மட்டும். எங்களுக்கும் அப்படித்தான் வந்திருந்தது. உலகம் முழுக்க ஒரே மாதிரி என்று நாங்கள் வியந்து சிரித்தோம். காத்தான்குடியிலிருந்து சோறு கொண்டு வந்த முஸ்லிம் காக்காமாரும் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்ப்பார்கள். பூரணமும் பார்ப்பாள். சிரிக்கமாட்டாள். ஆனால் எழுந்து போகவும் மாட்டாள்.

வின்சன்ட் பேப்பரில் அந்தக் கார்ட்டூனைப் பற்றி வருகிற துண்டுச் செய்திகளையும் வாசித்துக் காட்டுவார். எங்கோ ஒரு நாட்டில் நிஜ மேயர் ஒருவர், பூனையின் மீசை தன்னுடைய மீசை என்று வழக்குப் போட்டிருந்தாராம். அதற்கு வின்சன்ட் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “மனிசன் சொன்னா மனிசன அடிப்பானுகள். கழுதை சொன்னா ஆர அடிக்கிற?”

அடிபடப் பார்த்தவர் அவர்தான், என்னால். வீடு கொடுக்கிற பட்டியல் இரண்டு மாதமாக வெளிவராமல் இருந்தது. ஒரு ஞாயிறு கழுதை அதையும் வாசித்தது. அடுத்த நாள் நான் கைநாட்டு வைக்கப் போனபோது, பட்டியலுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் ஆசையோடு சொன்னேன்: “சேர், உங்கட கதையும் டிவியில போகுது. வீட்டு லிஸ்ட்டுக்கு மேல பூனை படுத்திரிக்காம், சூட்டுக்கு.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்தபிறகுதான் என் வாய் மூடியது. வின்சன்ட்டிடம் வந்து சொன்னேன். அவர் திட்டவில்லை. “மறுகா என்ன, இந்த லிஸ்ட்டில என்ட பேர் வராது. நீயாவது வீட்ட கட்டி ஒரு மூலையில எனக்குப் பாய் போடு” என்றார்.

அடுத்த ஞாயிறு அதிகாரி வந்து முன்வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்தார். பூனை வந்தது, கழுதை வந்தது. வின்சன்ட் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி கையை நீட்டினார்.

“அத இஞ்ச தாங்க. எனக்கு இங்கிலீசு தெரியும்.”

வின்சன்ட் குமிழைக் கொடுத்தார். அதிகாரி காதுக்குள் வைத்தார். கழுதை பேசிக்கொண்டே இருந்தது. அவர் குமிழைத் திருப்பி வைத்தார், மற்றக் காதில் வைத்தார், வின்சன்ட்டைப் பார்த்தார். வின்சன்ட் தன் காலைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அதிகாரியைப் பார்த்தோம்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“சேர், கழுதை என்ன சொல்லுது?”

பூரணம். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன்.

அதிகாரி திரும்பி அவளைப் பார்த்தார். மண்டபத்தில் பாய்களில் இருந்த அத்தனை பேரையும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“லிஸ்ட்ட வாற கிழமை ஒட்டுவாங்களாம்.”

“பூனை எழும்பிட்டுதோ?” என்றாள் பூரணம்.

“ஓம். எழும்பிட்டுது.”

குமிழைத் தன் கைலேஞ்சியால் துடைத்து இரண்டு கையாலும் வின்சன்ட்டிடம் கொடுத்துவிட்டு, கடைசிவரை இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார். அடுத்த கிழமை பட்டியல் ஒட்டப்பட்டது. வின்சன்ட்டின் பெயர் கடைசியில் இருந்தது. “கழுதைக்கும் ஒரு வீடு கேட்டிரிக்கலாம்” என்றார்.

அந்த வயரின் மறுமுனை பெட்டிக்குள் எதிலும் பூட்டப்படவில்லை. இதை அவர் எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு. இங்கிலீசும் அவருக்குத் தெரியாது. வீட்டில் பேசும் பறங்கிப் பாஷை தெரியும், எங்கள் தமிழ் தெரியும், இங்கிலீசில் டிவி உறுப்புகளின் பெயர் தெரியும். பறங்கி ஆள் என்றால் இங்கிலீசு வரும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். புது வீட்டுக்கு வந்தும் அதே பெட்டிதான், அதே வயர்தான். டிவி திருத்துகிற மனிதர் நாலு வருடமாகத் தன் டிவியின் சத்தத்தைத் திருத்தவில்லை. ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

வடக்கில் சண்டை முடியப்போன மாதங்களில் எங்கள் பக்கத்திலும் ஆட்கள் காணாமல் போனார்கள். ஒரு ஞாயிறு, தெரியாத இரண்டு பேர் வேலியோரம் வந்து நின்றார்கள். வின்சன்ட் குமிழைக் காதில் வைத்து வேலிப்பக்கம் பார்த்தார். “கழுதை இண்டைக்கு வானிலை மட்டும்தான் வாசிக்குது” என்றார். எங்கே மழை என்று யாரோ கேட்டார்கள். “எல்லா இடமும்” என்றார். அதற்கடுத்த ஞாயிறுகளிலும் வானிலைதான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் வராமலும் இருக்கவில்லை.

சண்டை முடிந்த பிறகு கார்ட்டூனும் நின்றுபோனது. பார்ப்பவர் குறைந்துவிட்டதால் நிறுத்துகிறார்களாம் என்று பேப்பரில் வந்த செய்தியை அவர் இரண்டு தடவை வாசித்தார். “எங்கள எண்ணேல்ல” என்றார். போன வருடம் மகள் வீட்டில் அந்தப் பழைய கார்ட்டூனைத் தமிழ் எழுத்தோடு போட்டுக் காட்டினார்கள். எழுத்துகள் ஓடி மறைவதற்குள் பாதியைப் பிடித்துவிட்டேன். கழுதை ஏதோ ஊர் வரியைப் பற்றியும் பனியைப் பற்றியும் சொன்னது. பரவாயில்லை, நல்ல கழுதைதான். எங்கள் கழுதைக்குக் கிட்டவும் வராது.

கடைசி வருடம் வின்சன்ட்டுக்குக் கண் தெரியாமல் போய்விட்டது. நான் போய்ப் பேப்பர் வாசித்துக் காட்டுவேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் செய்தி எல்லாம் துக்கமாக இருந்தது. நடுவில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: மாநகரசபை வாசலில் ஒரு கழுதை வந்து நின்று, உள்ளே விடும்வரை நகரமாட்டேன் என்கிறதாம். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “அது பேப்பரில இல்ல மச்சான். நீ இவ்வளவு கெதியா வாசிக்கமாட்டாய்.”

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் பூரணம் கேட்டாள், இனி ஆர் நமக்குக் கழுதைக் கதை சொல்லுற என்று. பேப்பரை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். மூன்று வரி தட்டுத்தடுமாறி வாசித்தேன். நாலாவது வரியில் அவள் சிரித்தாள்.

நாலாவது வரி பேப்பரில் இல்லை. வின்சன்ட்டிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.