ஒன்பது மாடியும் ஒரு சாவியும்

தம்பி இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அத்தனை வருடத்தில் அவன் மாடிப்படி ஏறிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் பக்கத்து லிஃப்டில் போவான். பக்கத்து லிஃப்ட் இல்லாத கட்டடமென்றால், கூட வேலை செய்பவரை மேலே அனுப்பிவிட்டு, கீழே நின்று போனில் வழி சொல்வான்.

அவனுடைய சீருடைக் கால்சட்டையின் இடுப்பை அக்கா மூன்று முறை பிரித்துத் தைத்தாள். அவள் தையல்காரி. எந்தத் தேதியில் எத்தனை அங்குலம் விட்டோம் என்பது நோட்டில் இருந்தது. நான்காம் முறை விடுவதற்குத் துணி இல்லை.

அந்த வாரமே கம்பெனியில் புது மேற்பார்வையாளர் ஒரு விதி போட்டார். கருவிப் பையோடு ஒன்பது மாடியைப் பத்து நிமிடத்துக்குள் படியில் ஏற வேண்டும். முடியாதவர்கள் புகார் போன் எடுக்கிற மேசைக்கு. அவகாசம் மூன்று மாதம். மோட்டார் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்வதில் தம்பியை மிஞ்ச ஆளில்லை; அக்கா இதைத் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமும் சொல்வதுண்டு. ஆனால் கோபமாகப் பேசுகிற மனிதரிடம் அவனுக்குப் பேச வராது. மேசை என்றதும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

டாக்டர் சோதித்துவிட்டு, இதயத்தில் குறையில்லை, தினமும் அரை மணி நேரம் நடக்கலாம் என்றார். தம்பி தொழில்காரன். லிஃப்டுக்கு மாதம் ஒரு நாள் பராமரிப்பு. அன்றே கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டினால் அடுத்த மாதம்வரை திரும்பிப் பார்க்க வேண்டாம். உடம்புக்கும் அதே முறையை வைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் நடந்தான். திங்கள் முதல் வியாழன்வரை, சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனது தவிர, படுத்தே இருந்தான்.

"இந்த மாச சர்வீஸ் முடிஞ்சுது," என்றான்.

ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்: "ஒரு லிஃப்டை மாசம் பூரா நிறுத்தி வெச்சா என்னடா ஆகும்?"

"துருப்பிடிக்கும். பிரேக் ஒட்டிக்கும்."

"ஒரு நாள் எண்ணெய் விடுறே. மத்த நாளெல்லாம் அது ஓடுதுல்ல?"

தம்பி அவள் பக்கம் திரும்பிப் படுத்தான். பிறகு, "நீயும் வரியாக்கா?" என்றான்.

காலையில் மெஷினில் உட்கார்ந்தால் விளக்கேற்றும்போதுதான் எழுகிறவள் அக்கா. அவள் முழங்காலுக்கும் சொல்ல நிறைய இருந்தது. போனாள். முதல் வாரம் தினமும் பத்து நிமிடம், தெருமுனைவரை. பேச முடிகிற வேகம்தான் வேகம். பேச்சு நின்றால் நடையைத் தளர்த்துவது. வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினார்கள். நான்காம் வாரம் அவர்களுடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் படிகள்: வெறுங்கையோடு இரண்டு மாடி. பத்தாம் வாரம் பையோடு ஒன்பது. எதிர்வீட்டுக்காரர் தினமும், "என்ன லிஃப்ட்காரரே, கரண்ட் இல்லையா?" என்று கேட்டு, தினமும் அவரே சிரித்துக்கொண்டார்.

பரிசோதனை அன்று நடந்ததை அக்கா இரண்டு பேரிடம் தனித்தனியாக விசாரித்து உறுதி செய்துகொண்டாள். எட்டு நிமிடம் பத்து வினாடியில் தம்பி மேலே வந்துவிட்டான். மோட்டார் அறைச் சாவி கீழே வண்டியில் இருந்தது.

"சாவி எதுக்கு? நீங்க தேறிட்டீங்க," என்றார் மேற்பார்வையாளர்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு மோட்டாரைப் பாக்காம எப்படி சார் போறது," என்று தம்பி இறங்கினான். சாவியோடு மறுபடி ஏறினான். மேற்பார்வையாளர் என்ன செய்வதென்று தெரியாமல் அதற்கும் நேரம் பார்த்தார். ஒன்பது நிமிடம் நாற்பது.

அக்கா இரண்டையும் நோட்டில் எழுதினாள். அடுத்த வரியில்: கால்சட்டை இடுப்பு, ஒன்றரை அங்குலம் பிடிக்க வேண்டும்.