கொடுவா இழுத்த டியூப்

ஸ்ரீபெரும்புதூரில் ஒரகடம் சாலை பிரிகிற இடத்தில் கன்னியப்பனின் பஞ்சர் கடை இருந்தது. பெங்களூர் ரோட்டில் ஓடுகிற லாரிகளுக்கு டயர் கழற்றி மாட்டுவதும் டியூபுக்கு ஒட்டுப் போடுவதும்தான் பிழைப்பு. வேலையில்லாத நேரமெல்லாம் மீன். ஏரிக்கரையில் தூண்டிலோடு நின்றுவிட்டால் அவனுக்குச் சோறு தண்ணீர் தேவைப்படாது.

ஒருநாள் லாரிக்கு அடியில் வேலை பார்க்கும்போது ஜாக்கி வழுக்கி இடது கணுக்கால் நசுங்கியது. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கால் பழையபடி ஊன்றவில்லை. கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்த்துவிடலாம். கரையில் நின்று மீன் பிடிக்க முடியவில்லை. கொஞ்ச நாள் வெறுமனே இருந்து பார்த்தான். பிறகு ஒரு பழைய லாரி டியூபை எடுத்து ஒட்டுப் போட்டு, நடுவில் தார்ப்பாய்த் துண்டால் இருக்கை தைத்து, கால் இரண்டும் கீழே தொங்க ஓட்டை விட்டான். முதுகுக்குச் சாய ஒரு ஸ்கூட்டர் டியூப். டயர் ரப்பரைத் துடுப்பு மாதிரி வெட்டிக் காலில் கட்டிக்கொண்டு உதைத்தால் டியூப் பின்பக்கமாக நகரும்.

முதல் நாள் ஏரியில் அது நகரவில்லை, சுற்றியது. வலது கால் உதைக்கிற வேகத்துக்கு இடது கால் ஈடுகொடுக்கவில்லை. மாடு கழுவ வந்தவர்கள் செக்கு ஆடுகிறது என்று சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, இடது காலுக்கு மட்டும் அகலமாக ஒரு துடுப்பு வெட்டினான். மறுவாரம் டியூப் நேராகப் போயிற்று.

அவன் மனைவி சரோஜாவுக்கு அந்த டியூபைக் கண்டாலே ஆகாது. "வயசான காலத்துல கொயந்த மாதிரி டியூப்ல குந்திகினு கீற. பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?" என்பாள். மீனை மட்டும் குறை சொல்லாமல் சமைப்பாள்.

யாக்கோபு அவன் கடைக்கு வாடிக்கையாக வருகிற உப்பு லாரி டிரைவர். கேளம்பாக்கம் உப்பளத்தில் ஏற்றி ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கொண்டுபோவான். காலியாகத் திரும்புகிறபோது கடையில் நிறுத்தி டீ குடிப்பான். டியூபைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சுதான்.

"அண்ணே, ஏரி மீனெல்லாம் ஒரு மீனா? எங்க கோவளத்துல உப்பங்கழி கீது. அதுல ஒருவாட்டி இத்த எறக்கிப் பாரு. கொடுவா மாட்டிச்சின்னா அப்பால நீ ஏரிப் பக்கமே போ மாட்ட."

1991 மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கூடி வந்தது. சனிக்கிழமை இரவு ராணிப்பேட்டையில் இறக்கிவிட்டு, விடியற்காலையில் வந்து ஏற்றிக்கொள்வதாக யாக்கோபு சொன்னான். கன்னியப்பன் தூண்டிலுக்கான தங்கூசி நரம்பையும் முள்ளையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது சரோஜா சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ எங்க?" என்றான்.

"நானும் வரேன். பொண்ணக் கட்டிக் குட்த்ததுலர்ந்து வூடு வெறிச்சோடிக் கீது. கடலப் பாத்தும் ரொம்ப நாளாச்சி."

லாரியின் காலித் தொட்டியில் காற்றடித்த டியூப் உருண்டுகொண்டே வந்தது. முன்னால் மூன்று பேர். ஒரகடத்தில் பனைமரத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நிறுத்தினார்கள். வேர்க்கடலைக் கொல்லைகளில் பனி இன்னும் விலகவில்லை. படப்பை, வண்டலூர் தாண்டிக் கேளம்பாக்கம் வந்தபோது காற்றில் உப்பு வாசனை. சரோஜா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

யாக்கோபின் அக்கா லூர்தம்மாள் கழியோரம் குடியிருந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பது அவள் தொழில். அவர்கள் போனபோது ஓலைக் கூடையின் காதைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில்தான் இருந்தாள். தம்பி விஷயத்தைச் சொன்னதும் கரையேறி வந்து டியூபை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுல குந்திகினா புடிப்ப?"

"ஆமாங்க்கா."

"நல்லா கீது போ," என்று சொல்லிக் கூடையிலிருந்து உயிர் இறால் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். "ரெண்டு விசயம் கேட்டுக்க தம்பி. கொடுவாவுக்குச் செவுளு கத்தி மாதிரி, முதுவுல முள்ளு. மடியில தூக்கி வெச்சன்னா டியூபு போச்சி. கரைக்கி இட்டாந்துதான் எடுக்கணும். அப்பால, தண்ணி கடலுக்கு எறங்க ஆரம்பிச்சா வெளிய வந்துரு. மொகத்துவாரத்துப் பக்கம் இய்த்துக்கினு பூடும்."

யாக்கோபு லாரியை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனான்; லோடு ஏற மறுநாளாகிவிடும். கன்னியப்பன் தண்ணீரில் இறங்கினான். கையில் பழைய வெட்டுக் காயங்கள் உப்புப் பட்டு எரிந்தன. உட்கார்ந்ததும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. ஏரியைவிட இங்கே டியூப் கொஞ்சம் உயர்ந்து மிதந்தது. மெல்ல உதைத்துக்கொண்டு பின்னால் போனான். சுற்றிலும் மடவை மீன்கள் துள்ளின. இறாலைக் கிள்ளி முள்ளில் கோத்து இறக்கியதும் கிழங்கான் ஒன்று கடித்தது, பிறகு இன்னொன்று. சாண் நீள மீன்கள். இடையிடையே நண்டு இரையைத் திருடிக்கொண்டு போனது. வெயில் ஏறியும் காற்றில் உறைக்கவில்லை. தண்ணீருக்குள் தொங்கிய இடது கால், கனமே இல்லாமல், யாருடையதோ போல லேசாக இருந்தது. வரும்போது மனதில் கொடுவா இருந்தது; இப்போது அது கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று பட்டது.

கரையில் சரோஜா லூர்தம்மாளோடு உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் சிரிப்பது தண்ணீர் மேல் மிதந்து வந்தது. தன்னைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மிச்சமிருந்த பெரிய இறாலை உயிரோடு கோத்து விட்டான். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு நரம்பு மெதுவாக ஓரம் போயிற்று, நின்றது, ஒரே இழுப்பாக ஓடியது. உள்ளங்கை எரிந்தது. தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு பிடித்தான். தூரத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெள்ளியாக ஒரு மீன் எழும்பி, வாயைத் திறந்து தலையை உதறிவிட்டு விழுந்தது. விழுந்த வேகத்தில் டியூபையே இழுக்க ஆரம்பித்தது.

பழுதான வண்டியைக் கயிறு கட்டி லாரி இழுத்துப் போவதை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். இப்போது அவனே அந்த வண்டி. காலைத் தூக்கிக்கொண்டு, கழியின் குறுக்கே போய்க்கொண்டிருந்தான். தனியாக வாய்விட்டுச் சிரித்தான்.

சிரிப்பு அடங்கியபோதுதான் கரை வேகமாகப் பின்னால் போவதைக் கவனித்தான். மீன் இழுப்பது மட்டுமல்ல, தண்ணீரும் இறங்க ஆரம்பித்திருந்தது. முன்னால் கரையோடு ஒட்டிய மணல்திட்டு. அதைத் தாண்டி முகத்துவாரத்தில் அலை உடைகிற வெள்ளை. திட்டுப் பக்கம் உதைத்துப் பார்த்தான். வலது கால் உதைத்தது, இடது கால் ஓய்ந்து போயிருந்தது. டியூப் பழையபடி சுற்றியது.

"தம்பி, அறுத்து வுட்டுரு!" லூர்தம்மாள் கரையிலிருந்து கத்தினாள்.

அவன் இருக்கைப் பையிலிருந்து கத்தியை எடுத்தான். நரம்பின் மேல் வைத்தும் விட்டான்.

"அறுக்காத, இரு!"

அது சரோஜாவின் குரல். பார்த்தால் அவள் திட்டின் மேல் ஓடி வந்துகொண்டிருந்தாள். படகு கட்டுகிற கயிற்றுச் சுருள் தோளில் தொங்கியது. பின்னாலேயே ஓடி வந்த லூர்தம்மாள் மறுமுனையைத் திட்டில் நட்டிருந்த முளையில் சுற்றினாள். சரோஜா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவுக்கு இறங்கிக் கயிற்றை வீசினாள். முதல் வீச்சு எட்டவில்லை. இழுத்துச் சுருட்டி மறுபடி வீசினாள். ஈரக் கயிறு டியூபின் மேல் குறுக்காக விழுந்தது. அவன் கத்தியைப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தான்.

இரண்டு பெண்களும் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் நரம்பு என்று அவன் வந்து திட்டில் முட்டினான். மீனும் அதற்குள் களைத்துவிட்டது. மூவரும் அதை நிதானமாக மணலில் ஏற்றினார்கள். நிறுத்திப் பிடித்தால் சரோஜாவின் இடுப்புக்கு வந்தது. கண் மஞ்சளாக மின்னியது. கடைசியாக ஒரு துள்ளு துள்ளியதில் செவுள் பட்டு அவள் முந்தானை கிழிந்தது.

கன்னியப்பன் மணலிலேயே மல்லாந்து கிடந்தான். "நான் அறுக்கத்தான் பாத்தேன்," என்றான்.

"பாத்தேன், பாத்தேன். மொகம் எப்படி ஆச்சின்னும் பாத்தேன். அத்த அறுத்துட்டு வூட்டுக்கு வந்தா ஒரு மாசம் யாரு உங்கூட குட்த்தனம் பண்றது?"

லூர்தம்மாள் சிரித்துக்கொண்டே மீனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். தண்ணீர் வடிந்த பிறகு திட்டுக்கு உள்பக்கம் குளம் மாதிரி அமைதியாகத் தேங்கி நின்றது. சரோஜா டியூபையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எப்படி குந்தறது?" என்று கேட்டாள்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். தன் துடுப்புகளை அவிழ்த்து அவள் காலில் கட்டினான். இரண்டு காலுக்கும் ஒரே அளவு வேண்டும் என்பதால் அகலமானதைக் கத்தியால் ஓரம் நறுக்கினான். டியூபைப் பிடித்துக்கொண்டு அவளை உட்கார வைத்தான்.

"வுட்றாத."

"வுடல. உதை."

உதைத்தாள். முன்னால் போகும் என்று நினைத்திருக்கிறாள். பின்னால் போனதும் திடுக்கிட்டு அவன் சட்டையைப் பிடித்தாள். இரண்டு தடவை போய் வந்ததும் பிடியை விட்டாள். பிறகு அவள்பாட்டுக்குக் குளத்தின் அந்த ஓரம் வரை போய், கையால் தண்ணீரை அளைந்துகொண்டு, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டும் வரவில்லை. அவன் மணலில் காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

லூர்தம்மாள் வீட்டில் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார்கள். மீனில் பாதி அவளுக்கு. தலையை யாக்கோபுக்கு என்று எடுத்து வைத்தாள். கன்னியப்பன் மூன்றாம் தடவை சோறு வாங்கினான். கொடுவாவின் சதை வெண்மையாக, அடுக்கடுக்காகக் கழன்று வந்தது. ஏரி மீனை இனி எந்த முகத்தோடு தின்பது என்றான். அதெல்லாம் தின்பாய் என்றாள் சரோஜா.

மாலையில் மீதி மீனை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு, காற்றுப் பிடுங்கிய டியூபை மடித்து எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார்கள். கண்டக்டர் மூக்கைப் பிடித்தபடி பின்சீட்டைக் காட்டினார். வழியெல்லாம் சரோஜா அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் முடியில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

மறுமாதம் யாக்கோபின் லாரியில் இரண்டு டியூப்கள் ஏறின. அன்றைக்கு அவளுக்குக் கிழங்கான் நாலு கிடைத்தது. அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை அவள் அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.