அடுத்தவர் படத்தில் என் மகள்

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, பெரம்பலூரில் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியையிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். ஆண்டு விழாவானாலும் விளையாட்டு விழாவானாலும் இவள் படத்தை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடாதீர்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எம் புள்ள படம் வரலையேன்னுதான் எல்லாரும் வந்து சண்டை போடுவாங்க. நீங்க போடாதீங்கன்னு சொல்றீங்க.”

“அவ அப்பாவுக்கு நாங்க இருக்குற எடம் தெரியக்கூடாதுங்க மேடம்.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள் நான். கணவருக்கு முந்திரிக் காடு இருந்தது. சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றும் லாரி ஒன்றும் வைத்திருந்தார். குடித்துவிட்டு வந்தால் கை நீளும். மகளை ஒருநாளும் அடித்ததில்லை. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் கடைக்குப் போவார். அடியெல்லாம் எனக்குத்தான். திருமழபாடிப் பக்கம் இருந்த என் பிறந்த வீட்டில் பொறுத்துப் போ என்றார்கள். பொறுக்க முடியாமல் போன ஒரு காலையில், அவர் லாரியோடு வெளியூர் போயிருந்தபோது, மகளைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். மருந்தாளுநர் படிப்பு படித்திருந்ததால் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. மகளிடம், அப்பா துபாய்க்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தேன். அவள் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் அப்படிப் போனவர்கள்தான், அதனால் அவள் சந்தேகப்படவில்லை.

அதிலிருந்து யார் கையில் செல்போன் உயர்ந்தாலும் என் கண் அங்கே போய்விடும். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வோம். பிறந்தநாள் விழாக்களில் கேக் வெட்டும் நேரத்துக்கு அவளுக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிடும். அதாவது நான் எடுக்க வைப்பேன். படம் எடுப்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் பிள்ளையை அவரவர் எடுக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் அதில் விழுகிறது என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்து, திருச்சி போகிற சாலையில் இருந்த ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். முதலில் வரவில்லை என்றுதான் சொன்னேன். மகள் முதல் நாளே நீச்சல் உடுப்பைத் தோழியிடம் இரவல் வாங்கி வந்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகு மறுக்க வாய் வரவில்லை.

செயற்கை அலை வரும் குளத்தில் அவள் சிரித்த சிரிப்பை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. தண்ணீர் வந்து மோதும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஓடினாள். அப்போதுதான் எங்களுக்கு முன்னால் ஒரு பெண் தன் கணவரையும் இரண்டு மகன்களையும் நிறுத்திப் படம் எடுப்பதைக் கண்டேன். என் மகள் அவர்களுக்கு நேர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இழுக்க ஓடினேன். அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்தப் பெண்ணிடம் போனேன்.

“தப்பா நினைக்காதீங்க. பின்னாடி எம் பொண்ணு விழுந்திருக்கா. அந்தப் படத்த மட்டும் அழிச்சிடுறீங்களா?”

லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்திருந்தவர். கணவர் சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார் என்று பிறகு சொன்னார். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் கோபப்படவில்லை.

“ஏன்க்கா, நாங்க ஒண்ணும் பண்ண மாட்டமே. புள்ள பூ மாதிரி இருக்கு, மாஷா அல்லாஹ். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே.”

“இல்லங்க. கொஞ்சம் பிரச்சன இருக்கு. சொல்ற மாதிரி இல்ல.”

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் திருப்பி, என் கண் முன்னாலேயே படத்தை அழித்தார். “போயிருச்சுக்கா, பாத்துக்கங்க,” என்றார். கூடவே மகளின் கன்னத்தைத் தொட்டு, பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு நல்ல மனுஷி.

ஆனால் அழிப்பதற்கு முன்பே அந்தப் படம் அவர்கள் வீட்டுக் குழுவுக்குப் போய்விட்டிருந்தது. அது அப்போது அவருக்கும் நினைவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் இருந்தவர்கள் யாரோ பேரப்பிள்ளைகளைப் பார்த்த மகிழ்ச்சியில் அதை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார்கள்.

சில வாரங்கள் கழித்து, பள்ளி விடும் நேரத்தில் வாசலில் என் கணவர் நின்றார். கிளீன் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். அவர் சத்தம் போடவில்லை. போனை எடுத்துக் காட்டினார்.

“நம்ம வண்டி ஓட்டுற பையன் யாரு ஸ்டேட்டஸ்லயோ பாத்துட்டு அனுப்புனான். அதோட பார்க் வாசல்ல எடுத்த இன்னொரு படத்துல, பெரம்பலூர் ஆஸ்பத்திரி பேனர் கட்டுன வேனும் தெரிஞ்சுது. விசாரிச்சு வந்துட்டேன்.”

படத்தில் அந்தக் குடும்பம் கண் கூசச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஈரத் தலையோடு என் மகள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரத்தில், அவளை இழுக்க நீட்டிய என் கை மட்டும் விழுந்திருந்தது.

நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மகள் வகுப்பிலிருந்து வந்தாள். அவரைக் கண்டதும் புத்தகப் பையைக் கீழே போட்டுவிட்டு, “அப்பா துபாய்லேந்து வந்துட்டாரு,” என்று ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் அழுதார். நான் என்ன செய்ய முடியும்? பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

வழக்கு நடந்தது. விவாகரத்து ஆனது. மகள் என்னோடு இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வந்து பார்க்கலாம் என்று முடிவானது. பெரம்பலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு பேக்கரியில் பார்ப்பதாக ஏற்பாடு. நான் வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் உள்ளே பப்ஸ் தின்றுகொண்டு பேசுவார்கள். கண்ணாடி வழியாகத் தெரியும், சத்தம் கேட்காது. குடிக்காமல்தான் வருவார். அந்த நாட்களில், இந்த மனிதர் இப்படியே எப்போதும் இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியதுண்டு.

சில மாதங்களில் வருவது குறைந்தது. வண்டிக்கு லோடு இருக்கிறது என்பார். அவ்வளவு தூரம் வர முடியவில்லை என்பார். நாங்கள் பேக்கரியில் காத்திருந்துவிட்டுத் திரும்புவோம். அப்போது அரியலூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை வந்தது. அங்கே போய்விட்டால் அவருக்குப் பக்கம், வந்து பார்க்கச் சௌகரியமாக இருக்கும் என்று எண்ணித்தான் வீடு மாற்றினேன். யாருக்குப் பயந்து ஓடி வந்தேனோ அவருக்கு வழி பக்கமாகட்டும் என்று நானே இடம் பெயர்ந்தேன். அவர் அரியலூருக்கு ஒரு தடவைகூட வரவில்லை. வேறு கல்யாணம் செய்துகொண்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். மகளிடம் சொல்லவில்லை.

அடுத்த கோடை விடுமுறையில், தீம் பார்க்குக்குப் போகலாம் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். சரி, பிள்ளைக்கு ஏக்கம் என்று நினைத்துக் கூட்டிப் போனேன். அங்கே போனதும் அவள் குளத்தில் இறங்கவே இல்லை. கரையிலேயே சுற்றினாள். முதலில் எனக்குப் புரியவில்லை. ஒரு குடும்பத்துக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கிருந்து கைக்குழந்தையோடு நின்ற ஒரு ஜோடிக்குப் பின்னால் போனாள். கல்லூரிப் பெண்கள் கூட்டமாக நின்று செல்ஃபி எடுக்க, அதன் ஓரத்திலும் தலையை நீட்டினாள். ஒவ்வொரு தடவையும் முடியைச் சரிசெய்துகொண்டு, போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓர் அம்மா எரிச்சலோடு என்னிடம் வந்தார்.

“உங்க பொண்ணுங்களா? நாங்க எங்க போய் எடுத்தாலும் நடுவுல வந்து நிக்குது. கொஞ்சம் சொல்லி வைங்க.”

“மன்னிச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டு மகளைக் கையைப் பிடித்து, உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில் இருந்த நிழலுக்குக் கூட்டிப் போனேன்.

“ஏன்டி அப்படிப் போயி நிக்கிற? தெரியாதவங்க படத்துல எல்லாம் நிக்கக்கூடாதுன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்.”

அவள் கால் விரலால் தரையைக் கீறினாள். “அன்னைக்கு அந்த அத்தை எடுத்த போட்டோவப் பாத்துதானம்மா அப்பா வந்தாரு, பேக்கரில அவரே சொன்னாரு. இப்ப நாம வூடு மாத்திட்டோம். அவரு பெரம்பலூர்லயே தேடிட்டு இருப்பாரு.”

சுற்றிலும் தண்ணீர்ச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலுமாக இருந்தது. பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். துபாய் என்று ஒரு தடவை சொன்னவள்தானே. ஆனால் இந்தப் பிள்ளை இன்னும் எத்தனை பேர் படத்தில் போய் நிற்கும் என்று நினைத்தபோது பொய் வரவில்லை.

“அப்பாவுக்கு நம்ம வூடு தெரியும்டா.”

“புது வூடா?”

“புது வூடுதான். நாந்தான் வக்கீல் சார்கிட்ட அட்ரஸ் குடுத்து அனுப்புனேன். போன் பண்ணியும் சொன்னேன்.”

“அப்படின்னா தெரியுமா?”

“தெரியும்.”

அவள் அழவில்லை. சரிசெய்து வைத்திருந்த முடியைக் கையால் கலைத்துவிட்டாள். பிறகு, “பசிக்குதும்மா, போலாம்,” என்றாள். டவலைப் போர்த்திக் கூட்டி வந்தேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள், தூங்கவில்லை. அதன் பிறகு அப்பா எப்போது வருவார் என்று அவள் என்னிடம் கேட்டதே இல்லை.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. எங்கள் படம் எங்கே வந்தாலும் தேடி வர ஆளில்லை என்றாலும், எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. நான் படம் எடுக்கும்போது தெரியாத பிள்ளை யாராவது குறுக்கே வந்தால் போனை இறக்கிவிடுகிறேன். எடுத்துவிட்டேன் என்றால் அந்தப் பெற்றோரிடம் காட்டிக் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். “இதுக்கெல்லாம் கேப்பாங்களா,” என்கிறார்கள். கேட்பதற்கான காரணத்தை நின்று விளக்க முடிவதில்லை.

உடையார்பாளையம் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் மட்டும் இன்றும் என்னோடு தொடர்பில் இருக்கிறார். போன மாதம் அவர் ஸ்டேட்டஸில் ஒரு பிறந்தநாள் படம் வந்திருந்தது. மகள் என் போனில் எதையோ தேடும்போது அதைத் திறந்துவிட்டாள். ஒரு குழந்தை கேக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவள் அப்பா. தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

நான் போனை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. குழந்தையின் முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“எம் மூக்கு மாதிரியே இருக்குல்ல?”

“ஆமா.”

“நாம பாத்தது அவங்களுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியாதுடா.”

இன்னும் சற்று நேரம் பார்த்தாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனாள்.