உப்புக்குப் பயந்த சர்வேயர்

அந்த சர்வேயரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குடவாசல் பக்கம் எங்கள் வயலில் எரிவாயுக் குழாய் பதிப்பதற்காக அளக்க வந்தவர். நரைத்த மீசை, முழங்கால் வரை சுருட்டிவிட்ட பேன்ட். பால் பிடித்து நின்ற கதிர்களை இரண்டு கையாலும் விலக்கி விலக்கித்தான் நடப்பார். ஒரு நெல் தாள்கூட மிதிபடாது.

அளந்து முடித்த அன்று மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஜப்பானில் இரண்டு வருடம் சமையல் வேலை பார்த்தவன் நான். அங்கே கற்றபடி கானாங்கெளுத்தி மீனைத் தோலோடு கீறி உப்புத் தடவினேன். கால் மணி நேரம் கழித்து, கசிந்த நீரைத் துணியால் ஒற்றிவிட்டு, காய்ந்த தோசைக்கல்லில் தோல் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு அழுத்தினேன். மிளகாய் கிடையாது, மஞ்சள் கிடையாது. தோல் மொறுமொறுவென்று ஆனதும் திருப்பி எடுத்து, சுடுசோற்றோடு வைத்தேன். நம் வீட்டில் சாப்பிட்ட கை நம் வயலில் குழாய்க்கான அடையாளக் கல் நடக் கூசும் என்று ஒரு நப்பாசை.

"இதுல என்ன தம்பி போட்டிருக்கீங்க?"

"வெறும் உப்புதாங்க."

தட்டைத் தள்ளி வைத்தார். "உங்க வீட்டு உப்பைத் தின்னுட்டு, நாளைக்கு உங்க வயல்லயே கல்லு நட முடியாது தம்பி. தண்ணி மட்டும் குடுங்க."

"அப்ப நடாம இருங்களேன்!" என்று கத்தினேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார். மறுநாள் அதேபோல் கதிரை விலக்கி விலக்கி நடந்துவந்து, வயலுக்கு நடுவில் கல்லை நட்டார்.

தின்றுவிட்டு நட்டிருந்தால் நன்றிகெட்டவன் என்று திட்டியாவது தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டார், பாவி.